ஈமமேட்டுக்குப் பக்கத்தில் பங்கர்

கேள்வி: இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலில் உள்ள ஜெர்சி தீவில், கற்கால ஈமமேடு (கல்லறைமேல் மண் குவித்த மேடு) ஒன்றை ஒட்டி, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் கட்டிய பங்கர், அதாவது கான்கிரீட் பதுங்கு அறை, இருக்கிறதாமே. அதை இடித்து இடத்தைப் பழையபடி ஆக்கினால் என்ன?

பதில்: இடிக்கக் கூடாது என்பேன். நீங்கள் சொல்வது லா ஹூக் பி. சுமார் 12 மீட்டர் உயர மண்மேடு, அதற்குள் 18 மீட்டருக்கு மேல் நீளும் கல்லாலான நடைவழி, அதன் முடிவில் கல்லறை. இரவும் பகலும் சமமாக இருக்கும் நாட்களில் காலை வெயில் அந்த நடைவழியாக உள்ளே போகும். தீவு 1940 முதல் 1945 வரை ஜெர்மானியர் பிடியில் இருந்தது, 1942-ல் மேட்டின் மேற்குப் பக்கம் நிலத்தைத் தோண்டி, படைக்குக் கட்டளையிடும் பங்கர் ஒன்றைக் கட்டினார்கள். கல்லறைக்குள் 1924-லேயே அகழாய்வு முடிந்திருந்தது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் ஈமமேடு என்பது கல்லறை மட்டுமில்லையே, அதைக் கட்டியவர்கள் நின்ற, நெருப்பு மூட்டிய, பானை உடைத்த தரையும் அதில் சேர்த்திதான், அந்த மண் அடுக்கடுக்காக இருக்கும்வரைதான் எது முன்னால் எது பின்னால் என்று சொல்ல முடியும். பங்கருக்காக வெட்டிய இடத்தில் அந்த அடுக்கு போயே போய்விட்டது. இப்போது கான்கிரீட்டைப் பெயர்த்தால் அது திரும்பாது, இயந்திரங்கள் ஏறி இறங்கி மிச்சமிருப்பதும் கலையும்.

அப்புறம், தீவின் அரண்களைக் கட்ட ரஷ்யா, உக்ரைன், போலந்து, ஸ்பெயின் என்று பல நாட்டு மனிதர்களைக் கொண்டுவந்து அடிமைகளாக வேலை வாங்கினார்கள், பசியிலும் அடியிலும் செத்தவர்கள் உண்டு. அவர்களுக்கான நினைவிடம் இப்போது அந்த பங்கர்தான். அதை எப்படி இடிப்பது?

கேள்வி: போர் வந்தால்தான் இப்படிச் சேதமாகுமா?

பதில்: இல்லை. அதே ஜெர்சியில், செயின்ட் ஹெலியர் நகருக்கு மேலே உள்ள குன்றில், 1785-ல் உள்ளூர்ப் படையின் அணிவகுப்புக்காகத் தரையைச் சமப்படுத்தும்போது வட்டமான கற்கால ஈமச்சின்னம் வெளிப்பட்டது. அதைக் காப்பாற்றி வைக்காமல் ஆளுநர் ஹென்றி கான்வேக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள்! கற்கள் கப்பலேறி இங்கிலாந்தில் ஹென்லிக்குப் பக்கத்திலுள்ள அவருடைய தோட்டத்துக்குப் போயின, இன்றும் அங்கேதான் நிற்கின்றன. குன்றில் 1806-ல் ரீஜென்ட் கோட்டை வேலை தொடங்கிவிட்டது, அதனால் கற்களைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் அவை நின்ற தரை இல்லை.