யூஎக்ஸ் டிசைன் வேலை முடிந்ததும் கிளையன்ட் கையில் என்னதான் கிடைக்கும்?

ஆப் கிடைக்காது. யூஎக்ஸ் டிசைன் என்பது பயன்படுத்துகிறவருக்கு எளிதாக இருக்கும்படி ஆப்பைத் திட்டமிடுவது, அதைக் கட்டுவது வேறு வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பட்டது அதில்தான்.

நாகர்கோவிலில் இருந்து இந்த வேலை செய்கிறேன். தோவாளையில் பூ மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு ஆர்டர் ஆப் டிசைன் செய்து ஃபிக்மா (திரைகளை வரையும் டிசைன் கருவி) லிங்க் அனுப்பினேன், தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பில் போட முடியாதா மக்கா, அப்ப பைசா எதுக்காக்கும்?" என்றார். தப்பு என்னுடையது. கொட்டேஷனில் 'டிசைன்' என்று ஒற்றை வார்த்தைதான் போட்டிருந்தேன்.

சரி, அவருக்கு என்ன கிடைத்தது? முதலில் மூன்று பக்கக் குறிப்பு. விடியற்காலையில் இரண்டு நாள் சந்தையில் உட்கார்ந்து, வாங்க வருகிறவர்களிடம் பேசி எழுதியது. பூ விலை அன்றன்றைக்கு மாறும், ஓணம் சமயத்தில் கேட்கவே வேண்டாம், அதனால் முதல் திரையில் படமும் ஆர்டர் கூடையும் (கார்ட்) வேண்டாம், இன்றைய விலை மட்டும் போதும் என்பது அதில்தான் தெரிந்தது. என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி மதிப்பு இந்தக் குறிப்புக்குத்தான்.

அப்புறம் எந்தத் திரைக்குப் பின் எது என்ற வரைபடம், கறுப்பு வெள்ளையில் வயர்ஃபிரேம் எனும் திரைக் கோட்டுப்படம் (கலர் போட்டால் பேச்சு முழுக்க கலரைப் பற்றியே போய்விடும்), தட்டினால் திரை நகரும் மாதிரி, அதாவது புரோட்டோடைப். அதை ஆட்களிடம் கொடுத்துப் பார்த்த சோதனை அறிக்கையும் உண்டு. ஐந்து பேர் போதும் என்று யூஎக்ஸ் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது பிரபலம், ஆனால் அது ஒரே மாதிரி ஆட்களுக்கு. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எங்கள் சோதனையில் நான் 'ஜாதிமல்லி' என்று போட்டிருந்ததை யாரும் தொடவே இல்லை. இங்கே அது பிச்சிப்பூ! ஊர்க்காரனாக இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

டெவலப்பருக்குப் போவது தனி: எழுத்தளவு, கலர் எண், இடைவெளி, நெட் போனால் என்ன காட்டுவது, ஆர்டர் தவறினால் என்ன வாசகம். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) குறைந்தது 4.5:1 என்பது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான இணைய வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் விதி, என் சாம்பல் எழுத்து அதில் அடிபட்டது. பெர்சோனா (கற்பனைப் பயனரின் விவரம்) என்று இணையத்துப் புகைப்படம் ஒட்டிக் கொடுக்கும் பக்கங்களைச் சின்ன வேலைகளில் நான் செய்வதில்லை, யாரும் படிப்பதும் இல்லை.

நீங்கள் கிளையன்ட் என்றால் பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு பணத்தை செட்டில் செய்துவிடாதீர்கள். ஒரிஜினல் ஃபைலை, திருத்தும் உரிமையோடு, உங்கள் அக்கவுண்டுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.