நடுச்சாமத்தில் காயும் தொண்டை

கேள்வி: வயது 54. தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். மூன்று மாதமாக இரவு இரண்டு மணிக்கெல்லாம் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு விழிப்பு வந்துவிடுகிறது. தண்ணீர் குடித்தாலும் பத்து நிமிடத்தில் மறுபடி காய்கிறது. பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன். மூக்கடைப்புக்கு இரவில் பிரிட்டன் (Piriton) என்ற ஒவ்வாமை மாத்திரை ஒன்று போடுவேன். வெற்றிலைப் பழக்கமும் உண்டு. இது சீனி வியாதியா, டாக்டர்?

பதில்: ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம் அம்மா, முதலில் அதைப் பார்த்து முடித்துவிடுங்கள். எட்டு மணித்தியாலம் தண்ணீர் தவிர எதுவும் எடுக்காமல், காலைத் தேத்தண்ணிக்கு முன் இரத்தம் கொடுங்கள். சீனி அளவு 126 (mg/dL) அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்வார்கள். சிறுநீரில் எறும்பு மொய்க்கவில்லையே என்று சிலர் காத்திருக்கிறார்கள். அதை நம்பி இருக்காதீர்கள்.

சீனி சரியாக இருந்தால், எனக்குச் சந்தேகம் அந்தப் பிரிட்டன் மேல்தான். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போகும் நரம்புக் கட்டளையை அது தடுக்கிறது. மூக்கை உலர்த்துகிற அதே வேலையை வாயிலும் செய்கிறது. நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லீற்றர் வரை ஊறும் உமிழ்நீர், தூக்கத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து இந்த மாத்திரையும் உள்ளே போகிறது. போதாக்குறைக்கு மூக்கு அடைத்திருப்பதால் வாயால் மூச்சு விடுகிறீர்கள். பனிக்காலக் குளிர்காற்று நேரே தொண்டையில் போய் உரசுகிறது.

ஒரு வாரம் பிரிட்டனை நிறுத்திப் பாருங்கள். மூக்குக்கு உப்புத்தண்ணீர் போதும். மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்த ஒரு கோப்பைத் தண்ணீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். பீலித் தண்ணீரை அப்படியே மூக்கில் விடவே கூடாது. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்றை பார்மசியில் வாங்கி, முன்பக்கம் குனிந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துவாரத்திலும் மெதுவாகச் செலுத்துங்கள். படுக்கப் போகும் முன் ஒருதடவை செய்தால் போதும். வேகமாக அழுத்தினால் காது அடைத்துக்கொள்ளும்.

பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதில் நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகச் செய்வது) இருந்தால் அதுவும் வாயை உலர்த்தக்கூடும். காலையில் எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். போகும்போது வீட்டிலிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும், கைவலிக்கு வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பியில் எழுதாத மாத்திரையால்தான் பல தடவை வில்லங்கம் வருகிறது.

வெற்றிலை போட்டதும் வாய் ஊறுவதால், அது வறட்சிக்கு மருந்துபோலத் தோன்றும். பாக்கோ நாளடைவில் கன்னத்தின் உள்தோலை இறுக்கி நாராக்குகிறது. கண்ணாடி முன் நின்று சுட்டு, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து நெட்டுக்கு நிறுத்தி மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே விடுங்கள். மூன்றும் நுழையாவிட்டாலோ, காரம் தொட்டாலே வாய் எரிந்தாலோ, துடைத்துப் போகாத வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ, மூன்று வாரத்தில் ஆறாத புண் இருந்தாலோ பல் வைத்தியரிடம் உடனே காட்டுங்கள். புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

மலையில் ஒதுங்க இடமில்லை என்று பகல் முழுக்கத் தண்ணீரைத் தவிர்க்கும் பெண்கள் நிறையப் பேர். குற்றம் அவர்கள்மேல் இல்லை. ஆனால் அந்தக் குறையை இரவு படுக்கும் நேரத்தில் ஒரேயடியாகக் குடித்து ஈடுசெய்தால் தூக்கம்தான் கெடும். அரை லீற்றர் போத்தல் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வாய் வாயாகக் குடியுங்கள். கடுஞ்சாயத்தின் துவர்ப்பு உமிழ்நீரின் வழவழப்பைக் குறைக்கும், ஆகவே மாலைக்குப் பிறகு இளஞ்சாயமாக ஊற்றுங்கள். உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு குடிக்கும் பழக்கத்தையும் விடப் பாருங்கள்: உமிழ்நீர் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். ஃபுளோரைட் உள்ள பற்பசையால் இரவில் தேய்த்து, நுரையைத் துப்பியபின் கொப்பளிக்காமல் படுங்கள்.

கண்ணும் மணல் விழுந்ததுபோல் உறுத்தி, மூட்டும் வலித்தால் இரத்தப் பரிசோதனை வேறு தேவைப்படும். தாகத்தோடு வாந்தி, மேல்மூச்சு, மயக்கம் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.