திருமண டிவிடியைக் கணினிக்கு மாற்றினால் வாயசைவும் ஒலியும் விலகிவிடுகின்றன, எப்படிச் சரிசெய்வது?

திருமண டிவிடியை எம்பி4 கோப்பாக மாற்றிய பிறகு, தொடக்கத்தில் பொருந்தியிருக்கும் ஒலி போகப்போகப் படத்தை விட்டு விலகுகிறது என்றும், விஎல்சியில் சரிசெய்தாலும் சிறிது நேரத்தில் மறுபடியும் விலகுகிறது என்றும், இதற்கு எந்த மென்பொருள் நல்லது என்றும் கேட்டிருக்கிறீர்கள். உறவினர்கள், நண்பர்கள் வீட்டுத் திருமண டிவிடிகளைப் பல ஆண்டுகளாகக் கணினிக்கு மாற்றித் தருகிறேன். மென்பொருளைத் தேடுவதற்கு முன், விலகல் எவ்வளவு, அது எப்படி வளர்கிறது என்பதை அளந்து பாருங்கள் என்பதே என் பதில். அந்த அளவு தெரிந்தால் காரணம் தெரிந்துவிடும். காரணம் தெரியாமல் ஒரு மாற்றியிலிருந்து (மாற்றும் மென்பொருளிலிருந்து) இன்னொரு மாற்றிக்குத் தாவினால் அதே கோளாறு வேறு உருவத்தில் திரும்பி வரும்.

முதலில், கோளாறு டிவிடியிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். டிவிடியை நேரடியாக அதே கணினியில், அதே விஎல்சியில், அதே ஒலிபெருக்கியில் ஓட்டிப் பாருங்கள். தொலைக்காட்சியில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இன்றைய தொலைக்காட்சிகள் படத்தை மெருகேற்றுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் புளூடூத் ஒலிபெருக்கியின் தாமதமும் சேர்ந்து இல்லாத கோளாறை இருப்பதாகக் காட்டிவிடும். டிவிடி நேரடியாக ஓடும்போது ஒலி பொருந்தியிருந்தால், மாற்றும்போதுதான் தவறு நேர்ந்திருக்கிறது. மூலத்திலிருந்து மீண்டும் தொடங்கினால் முழுமையாகச் சரியாகிவிடும். டிவிடியிலேயே விலகியிருந்தால், ஸ்டுடியோவில் விஎச்எஸ் நாடாவிலிருந்து பதிவு செய்தபோதே அது நேர்ந்திருக்கக்கூடும். அதையும் சரிசெய்யலாம், ஆனால் அது வேறு வேலை.

மாற்றும்போது ஏன் விலகுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். டிவிடியில் உள்ள விஓபி கோப்புக்குள் படமும் ஒலியும் சிறு சிறு பொட்டலங்களாக மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. விநாடிக்கு 90,000 துடிப்புகள் கொண்ட ஒரு கடிகாரத்தின்படி, எந்தப் படத்தை, எந்த ஒலியை எப்போது வெளியிட வேண்டும் என்ற நேர முத்திரைகள் அவற்றோடு எழுதப்பட்டிருக்கின்றன. டிவிடி பிளேயர் அந்த முத்திரைகளைப் பார்த்தே இரண்டையும் பொருத்துகிறது. சில மாற்றிகள் படத்தைத் தனியாகவும் ஒலியைத் தனியாகவும் பிரித்தெடுத்துவிட்டுப் பிறகு ஒட்டுகின்றன. பிரித்த கணத்தில் முத்திரைகள் தொலைந்துவிடுகின்றன. அதன்பின் எஞ்சுவது இத்தனை ஃபிரேம் (தனிப் படம்), இத்தனை ஒலி மாதிரி (ஒலியின் மிகச் சிறு அளவீடு) என்ற எண்ணிக்கை மட்டுமே. ஒரு பக்கத்தில் சிறிது குறைந்தாலும், சட்டையின் ஒரு பொத்தானைத் தவறான துளையில் மாட்டியதுபோல, அதற்குப் பின் வருபவை எல்லாம் இடம் மாறிவிடும்.

இனி அளப்பது. தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்று இடங்களிலாவது அளக்க வேண்டும். ஐந்தாறு இடங்களில் அளந்தால் இன்னும் நல்லது. திருமண டிவிடியில் இதற்கு இடம் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை, ஏனென்றால் பெரும்பாலான பகுதிகளில் ஸ்டுடியோக்காரர்கள் மூல ஒலியை நீக்கிவிட்டுத் திரைப்பாடல்களைச் சேர்த்திருப்பார்கள். தாலி கட்டும் காட்சியில் கேட்கும் கெட்டிமேளம்கூடச் சில சமயம் வேறு பதிவிலிருந்து சேர்த்ததாக இருக்கும். தவில்காரரின் கோல் தோலில் படுவது அருகிலிருந்து தெளிவாகத் தெரியும் காட்சி, வரவேற்பு மேடையில் ஒருவர் ஒலிவாங்கி பிடித்து வாழ்த்திப் பேசும் காட்சி, தேங்காய் உடைக்கும் காட்சி ஆகியவை நம்பத்தக்கவை. மண்டபத்தின் கடைசியிலிருந்து ஜூம் செய்து எடுத்த காட்சியைத் தவிர்த்துவிடுங்கள். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில்தான் பயணம் செய்கிறது; கேமரா 17 மீட்டர் தள்ளி நின்றிருந்தால், எந்தக் கோளாறும் இல்லாமலேயே தவில் ஒலி 50 மில்லி விநாடி பிந்தித்தான் பதிவாகியிருக்கும்.

அளப்பதற்கு விஎல்சியே போதும். விண்டோஸிலும் லினக்ஸிலும் 'கே' விசையை ஒருமுறை அழுத்தினால் ஒலி 50 மில்லி விநாடி பிந்தும், 'ஜே' விசையை அழுத்தினால் அதே அளவு முந்தும். பொருந்தும்வரை அழுத்தி, திரையில் தோன்றும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கேட்டால், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரை ஒன்று நல்ல வழிகாட்டி: ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது, பிந்தும்போது மட்டும் 125 மில்லி விநாடி வரை தெரிவதில்லை. தொலைவில் நடப்பதன் ஒலி பிந்தி வருவது நமக்கு இயல்பாகப் பழகியிருக்கிறது. முந்தி வருவது இயற்கையில் இல்லை. நம் ஊர் டிவிடிகள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம் கொண்டவை, அதாவது ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லி விநாடி. ஒரு ஃபிரேம் அளவுக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும்.

மூன்று இடங்களிலும் ஒரே எண் வந்தால் அது நிலையான விலகல். இதுதான் மிக எளிது. எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஒலித் தடத்தைத் தேர்ந்தெடுத்து, தாமதத்துக்கான கட்டத்தில் அந்த எண்ணை எழுதிச் சேமித்தால் முடிந்தது. ஒலி முந்தினால் கூட்டல் எண், பிந்தினால் கழித்தல் எண். படமோ ஒலியோ மறுபடியும் சுருக்கப்படுவதில்லை என்பதால் தரம் சிறிதும் குறையாது.

சீராக வளரும் விலகல் அடுத்தது. பத்தாவது நிமிடத்தில் இருப்பதைப்போல இருபதாவது நிமிடத்தில் இரு மடங்கு, முப்பதாவது நிமிடத்தில் மும்மடங்கு என்று இருந்தால், எங்கோ ஒரு வேகக் கணக்கு தவறியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு விலகுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். சுமார் 3.6 விநாடி என்றால், விநாடிக்கு 29.97 ஃபிரேம் என்பதை மாற்றி 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. கனடாவிலோ அமெரிக்காவிலோ நடந்த திருமணத்தின், அங்குள்ள என்டிஎஸ்சி தொலைக்காட்சி முறையில் அமைந்த டிவிடி என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 2.4 நிமிடம் அளவுக்கு விலகினால் 24 ஃபிரேமுக்கும் 25 ஃபிரேமுக்கும் இடையிலான குழப்பம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால், விநாடிக்கு 48,000 மாதிரி கொண்ட டிவிடி ஒலி 44,100 என்று தவறாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. பேச்சின் குரலும் கனத்து இழுபடும். இவற்றில் எதுவாக இருந்தாலும் விலகிய கோப்பை இழுத்து நீட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம். மூல டிவிடி கையில் இருக்கும்போது சரியான அமைப்போடு மீண்டும் மாற்றுவதே நேர்மையான வழி. டிவிடியே அப்படித்தான் பதிவாகியிருக்கிறது என்றால் மட்டும், எம்கேவிடூல்நிக்ஸில் படத் தடத்துக்கு நீட்டிப்பு விகிதம் கொடுங்கள். சிறு விலகல்களுக்கு ஒலியைத் தொடாமல் படத்தின் நேர முத்திரைகளை மட்டும் நீட்டுவதே நல்லது. ஆயிரத்தில் ஒரு பங்கு வேக மாற்றத்தைக் கண் கண்டுபிடிக்காது.

மூன்றாவது வகை, படிப்படியாகத் தாவும் விலகல். சிறிது நேரம் பொருந்தியிருந்து, திடீரென்று ஒரு கணத்தில் விலகி, அதே அளவில் நீடித்து, பிறகு இன்னொரு கணத்தில் மேலும் விலகும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் கோப்பில் இருப்பது இதுதான் என்று கருதுகிறேன். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது சீராக வளர்வதுபோலத் தோன்றும், ஆகவே நீட்டிப்பு விகிதத்தைத் தேடி நேரத்தை வீணாக்குவார்கள். எந்த ஒற்றை எண்ணாலும் இதைச் சரிசெய்ய முடியாது. நெருக்கமாகப் பல இடங்களில் அளந்தால்தான் படிகள் புலப்படும்.

படிகளுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, விஓபி கோப்புகளை மட்டும் நகலெடுத்து ஒட்டியது. டிவிடியில் ஒவ்வொரு விஓபியும் 1 ஜிபி அளவுக்குள் துண்டாக்கப்பட்டிருக்கும். அவற்றை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும், நேரம் எங்கே மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது என்ற விவரங்கள் அருகிலுள்ள ஐஎஃப்ஓ கோப்புகளில் இருக்கின்றன. மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று தனித்தனியாகத் தொகுக்கப்பட்ட டிவிடியில் கடிகாரம் பலமுறை திரும்பத் தொடங்கலாம். ஐஎஃப்ஓவைப் படிக்காத மாற்றி அந்த இடங்களில் தடுமாறுகிறது. எனவே முழு டிவிடியையும் மேக்எம்கேவி மென்பொருளில் திறந்து எம்கேவி கோப்பாக எடுங்கள். அது ஐஎஃப்ஓவைப் படித்து, எதையும் மறுசுருக்கம் செய்யாமல், முத்திரைகளோடு சேர்த்து மாற்றும். அதன் இயல்பான அமைப்பில் 120 விநாடிக்குக் குறைவான பகுதிகள் விடுபட்டுவிடும் என்பதால், சிறு பகுதிகள் இருந்தால் அந்த வரம்பைக் குறைத்துவிடுங்கள்.

மற்றொன்று கீறல். ஸ்டுடியோக்கள் தந்தவை பெரும்பாலும் வீட்டுக் கணினியிலும் எழுதக்கூடிய டிவிடி-ஆர் வகை. அவற்றின் சாயப்பூச்சு காலப்போக்கில் மங்கும், மேலே கீறலும் சேரும். படிக்க முடியாத இடத்தை மென்பொருள் தாண்டிச் செல்லும்போது, டால்பி ஏசி-3 என்ற சுருக்க வடிவ ஒலியாக இருந்தால் தொலையும் ஒவ்வொரு ஒலி ஃபிரேமுக்கும் 32 மில்லி விநாடி வீதம் போகிறது. பத்து ஒலி ஃபிரேம் போனால் 320 மில்லி விநாடி, அங்கிருந்து ஒலி முந்திவிடும். படம் தொலைந்தால் இழப்பு இன்னும் பெரிது. பால் டிவிடியில் ஒன்றையொன்று சார்ந்த ஃபிரேம்கள் 15 வரை ஒரு தொகுப்பாக இருக்கும். தொகுப்பின் முதல் ஃபிரேம் சிதைந்தால் 0.6 விநாடி வரை படம் போய்விடும், ஒலி பிந்தியதுபோலத் தோன்றும்.

கீறலுக்கு மருந்து படிக்கும் நிலையில்தான் இருக்கிறது. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் புதிதாக விழும் கீறல் தடத்தின் வழியே ஓடி, டிரைவின் பிழைதிருத்தத்தை முறியடிக்கும். பிறகு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற தரவு மீட்பு மென்பொருள் மூலம் டிவிடி முழுவதையும் ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது அப்படியே ஒரே கோப்பான நகலாக, எடுங்கள். எந்தப் பகுதிகள் கிடைக்கவில்லை என்பதை அது ஒரு தனிக் கோப்பில் குறித்துவைக்கும். அதே குறிப்போடு டிவிடியை வேறொரு டிரைவில் போட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொன்று படித்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த ஐஎஸ்ஓவை மேக்எம்கேவியில் திறந்தால் பெரும்பாலும் படிகள் மறைந்துவிடும்.

அப்படியும் ஓரிரு படிகள் எஞ்சினால், ஒலியைப் பிரித்து ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து, தாவல் நிகழும் இடத்தில் தேவையான அளவு மௌனத்தைச் செருகுங்கள்; ஒலி பிந்தும் இடமாக இருந்தால் அவ்வளவு ஒலியை வெட்டுங்கள். எப்போதும் தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கிச் செல்ல வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு திருத்தமும் அதற்குப் பின்னுள்ள எல்லாவற்றையும் நகர்த்தும். திருத்திய ஒலியைத் தரம் குறையாத ஃபிளாக் வடிவில் சேமித்து, எம்கேவிடூல்நிக்ஸில் பழைய படத்தோடு சேர்த்துவிடலாம்.

எல்லாம் பொருந்திய பிறகே, கைப்பேசியில் பகிர்வதற்காக ஹேண்ட்பிரேக் என்ற மாற்றியில் எம்பி4 ஆக்குங்கள். அங்கே ஃபிரேம் வேகத்தை மூலத்தில் உள்ளபடி, மாறாத வேகம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். மாறும் வேகமுள்ள கோப்பைப் பல எடிட்டிங் மென்பொருள்கள் சரியாகக் கையாள்வதில்லை. நீங்கள் அதில் வெட்டி ஒட்டினால் விலகல் மறுபடியும் தொடங்கும். டிவிடியையும் ஐஎஸ்ஓ கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள், எம்பி4 என்பது பார்ப்பதற்கான பிரதி மட்டுமே. நீங்கள் அளந்த எண்களையும் அந்தந்த நிமிடங்களையும் கருத்துரையில் எழுதினால், எந்த வகை விலகல் என்று பார்த்துச் சொல்கிறேன்.