நாம என்ன ஆளுங்க?

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். போன மாதம் அலுவலகத்தில் ஆளுமைப் பயிற்சி நடந்தது. ‘நான்’ என்று தொடங்கி இருபது வாக்கியங்கள் எழுதச் சொன்னார்கள். இன்னாரின் மகன், இன்ன ஊர்க்காரன், இரண்டு பிள்ளைகளின் அப்பா, இன்ன கல்லூரியில் படித்தவன் என்று எழுதிக்கொண்டே போனேன். பயிற்சியாளர் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதில் எல்லோரும் இருக்கிறார்கள், உங்களைத்தான் காணோம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. சமூகம் திணித்ததையெல்லாம் கழித்துவிட்டால் என்னிடம் மிஞ்சுவது என்ன? அதைத் தெரிந்துகொள்ள வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் எங்காவது தனியாக இருக்கலாமா? படிக்க வேண்டிய புத்தகங்களையும் சொல்லுங்கள்.

இதற்கிடையில், ஒன்பதாவது படிக்கும் மகன் லீவுக்கு ஊருக்குப் போய்வந்ததும் “நாம என்ன ஆளுங்கப்பா?” என்று கேட்டான். சொன்னேன். நம் வரலாற்றையும் கொஞ்சம் சொன்னேன். பயலுக்குப் பெருமை தாங்கவில்லை. அவனுக்கு இருக்கிற தெளிவுகூட எனக்கு இல்லையே என்று இருந்தது.

ச.

அன்புள்ள ச.,

முதலில் உங்கள் தூக்கத்துக்கு. அந்த இருபது வாக்கியச் சோதனை உங்கள் பயிற்சியாளரின் சொந்தச் சரக்கு அல்ல. 1954இல் மான்ஃபோர்ட் கூன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரும் அவருடைய சகாவும் அயோவாவில் மாணவர்களை வைத்துச் செய்துபார்த்தது. அந்த அமெரிக்கப் பிள்ளைகளும் முதலில் எழுதியது ‘நான் மாணவன்’, ‘நான் கணவன்’, ‘நான் இன்ன சபையைச் சேர்ந்தவன்’ என்கிற மாதிரி வாக்கியங்களைத்தான். அவை தீர்ந்த பிறகுதான் மற்றவை வந்தன. கூன் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. பிற்பாடு கென்யாவிலும் இதே சோதனையை நடத்தினார்கள். அங்குள்ள மாசாய், சம்புரு பழங்குடி மக்கள் உறவையும் குழுவையும் எழுதினார்கள். நைரோபியில் கல்லூரியில் படிப்பவர்கள் அமெரிக்கர்களைப் போலத் தங்கள் குணங்களை எழுதினார்கள். ஆக, யாரோடும் ஒட்டாத அந்த ‘நான்’ இருக்கிறதே, அதுவும் ஏதோ ஒரு நகரத்தில், ஏதோ ஒரு வகுப்பறையில் கற்றுக்கொண்டதுதான். உங்கள் பயிற்சியாளருக்கு அதை யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தூங்குங்கள்.

ஆறு மாதத் தனிமையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. வீட்டுக்கடன் தவணை அங்கேயும் வரும்.

உங்கள் கடிதத்தில் நான் நின்றது கடைசிப் பத்தியில். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில வருஷம் போபாலில் இருந்தேன். முதல் நாளே குமாஸ்தா “பூரா நாம்?” என்று கேட்டார். சொன்னேன். “அது சரி, ஆகே?” என்றார். பெயருக்கு அடுத்து என்ன வருகிறது என்று கேட்கிறார். எங்களுக்கு அப்படி ஒன்றும் வராது என்று சொல்லிப் பார்த்தேன். மனுஷர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அப்பா பெயரைச் சொன்னேன். அன்று முதல் நான் ‘சுப்பையாஜி’. விருதுநகரைத் தாண்டிப் போகாத என் அப்பாவை போபாலில் தினமும் கோப்பு கொண்டுவரச் சொன்னார்கள். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் கவனித்தேன். அந்தக் குமாஸ்தா ‘சுப்பையா’ என்பதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், அதில் ஒன்றும் அகப்படவில்லை. என்னை எந்தத் தட்டில் வைப்பது என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்த வெற்றிடம் தானாக வந்ததல்ல, ச. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன். (பாண்டி பஜாரில் துணி எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது அவர் பெயர் என்று தெரியும்?) ‘குடி அரசு’ இதழில் தன் பெயரோடு இருந்த நாயக்கரைப் பெரியார் அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தார். அந்தக் காலத்துத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதலியார், பிள்ளை, ஐயர், செட்டியார் இல்லாத பெயரைத் தேடவேண்டும். உங்கள் மகனின் வகுப்பில் வருகைப் பதிவேட்டை வாசித்தால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்ஷியல்தான் இருக்கும். நம் ஆட்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் விதமே மாறிப்போனது. இதற்காக யாரும் வேலையை விட்டுவிட்டு மலையேறவில்லை. கூட்டம் போட்டார்கள், சண்டை போட்டார்கள், வீட்டில் திட்டு வாங்கினார்கள். ‘சமூகம் திணித்தது’ என்கிறீர்கள். உங்கள் பெயரிலிருந்து ஒன்றைக் கழித்துக் கொடுத்ததும் சமூகம்தான்.

உடனே மார் தட்டிக்கொள்ளவும் வேண்டாம். பெயரில் இல்லாவிட்டால் என்ன, ‘எந்த ஊரு, எந்தத் தெரு, குலசாமி எது’ என்று மூன்று கேள்வியில் கண்டுபிடித்துவிடுவோம். இப்போது அதுகூட வேண்டாம், கையைப் பார்த்தால் போதும். தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு நிறத்தில் பிள்ளைகள் கயிறு கட்டுகிறார்கள் என்று 2019லேயே கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, கூடப் படிக்கும் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எல்லாவற்றையும் தடைசெய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். நாங்குநேரி உங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம்? அப்போது அந்தப் பையன்களுக்கு, இன்றைய உங்கள் மகனைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட.

நீங்கள் சொன்ன ‘நம் வரலாறு’ என்னவென்று என்னால் ஊகிக்க முடியும். ஒரு ராஜா, ஒரு படை, ஒரு செப்பேடு, பிறகு ஒரு துரோகம். எந்தச் சாதிச் சங்கத்தின் மலரைப் புரட்டினாலும் இதுதான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் தமிழ்நாட்டில் ராஜாக்கள் மட்டும்தான் குடியிருந்திருக்கிறார்கள். ஏரி வெட்ட ஒரு ஆள் இருந்திருக்க முடியாது. அதை ஒரு பதினான்கு வயதுப் பையனுக்குச் சொல்லிவிட்டு, அவனுடைய தெளிவைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறீர்கள். உங்களுக்கே இது வேடிக்கையாக இல்லையா? ‘சமூகம் என் மேல் திணித்தது’ என்று தூக்கம் கெட்ட மனிதர், பத்தே நிமிஷத்தில் பிள்ளை மேல் அதையே ஏற்றிவைத்திருக்கிறீர்கள்.

கோபத்தில் எழுதுகிறேன், தெரிகிறது. உங்களுக்கு உங்கள் அப்பா எப்படிச் சொன்னாரோ, அதே குரலில் சொல்லியிருப்பீர்கள். அதில் பாசமும் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வி அவனுடையது இல்லை. ஊரில் யாரோ அவனிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் தெரியாமல் முழித்திருக்கிறான். வந்து உங்களிடம் கேட்டிருக்கிறான். ‘உன்னை யாருப்பா கேட்டா?’ என்று நீங்கள் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. உங்கள் தாத்தா என்ன வேலை செய்தார், யாரிடம் கடன் வாங்கினார், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார், அந்தக் கிணற்றில் யாரை எடுக்கவிடவில்லை, இதையும் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாது என்றால் அத்தைகளுக்குத் தெரியும், போன் போடுங்கள்.

புத்தகப் பட்டியல் இப்போது தரமாட்டேன். பையனிடம் கேட்டது சித்தப்பா மகனோ, பக்கத்து வீட்டுப் பையனோ, அடுத்த லீவுக்குப் போகும்போது இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசிவிட்டு எழுதுங்கள். வேலையை விடாதீர்கள்.