ஓடுவது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு ஆங்கிலச் சிறுகதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் முயற்சி. அதில் ‘ரன்’ என்கிற வினை பதினோரு இடத்தில் வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பொருள். அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகிறது. இத்தனையையும் மனப்பாடம் செய்தாக வேண்டுமா? இன்னொன்று, ‘கடிதத்தின் மேல் கண்களை ரன் செய்தான்’ என்பதுபோல ஒரு வரி இருக்கிறது. ‘ஓட்டினான்’ என்றால் ஆங்கில வாடை அடிக்குமே என்று ‘கடிதத்தைப் பார்வையிட்டான்’ என்று எழுதினேன். சரிதானா?

மொழிபெயர்ப்பு பழகும் ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மனப்பாடமெல்லாம் வேண்டாம், முடியவும் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைதான் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. 2011-இல் ‘ரன்’ அதை முந்திவிட்டது. அந்த ஒரு வினையைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அவர் கணக்கில் 645 பொருள்கள். ரயில், மோட்டார், கணினி நிரல் என்று வந்ததெல்லாம் ஓட ஆரம்பித்தால் கணக்கு ஏறத்தானே செய்யும்?

நான் செய்வது ஒன்றுதான். அந்த வாக்கியத்தில் ஓடுவது யார், எது என்று முதலில் பார்ப்பேன். அப்புறம், அதே வேலையைத் தமிழில் எந்த வினை செய்கிறது என்று தேடுவேன். கடையை, பள்ளிக்கூடத்தை, கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘ரன்’ செய்கிறார்கள். நாம் நடத்துகிறோம். ‘நட’விலிருந்து வந்த சொல்தானே அது? அவர்கள் ஓடவைப்பதை நாம் நடக்கவைக்கிறோம். (பேருந்தில் இரண்டு பேரும் உண்டு: முன்னால் ஓட்டுநர், பின்னால் நடத்துநர்.)

தேர்தல் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டனில் நிற்கிறார். நம்மிடமும் நிற்கிறார்தான். இது தெரியாத வயதில், ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கும்போது ‘மேயர் பதவிக்காக ஓடினார்’ என்று எழுதிவிட்டேன். பிழை திருத்தியவர் ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: ‘யார் துரத்தினார்கள்?’

மற்றதெல்லாம் இப்படித்தான். அவர்களுக்கு மூக்கு ஓடினால் நமக்கு ஒழுகும். துணியில் சாயம் ஓடினால் நமக்குச் சாயம் போகும். காய்ச்சலை அவர்கள் ‘ரன்’ செய்வார்கள், நமக்கு அது அடிக்கும். அவர்கள் நாயை ‘ரன் ஓவர்’ செய்தால் நமக்கு நாயின் மேல் வண்டி ஏறிவிடும். அவர்களுக்குப் பெட்ரோல் ‘ரன் அவுட்’ ஆனால் நமக்குத் தீர்ந்துபோகும். ‘இன் த லாங் ரன்’ என்பதற்கு ‘நீண்ட ஓட்டத்தில்’ என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். எனக்குப் பல் கூசுகிறது. ‘போகப் போக’ என்று இரண்டே சொல் இருக்கும்போது அது எதற்கு?

அதற்காக ‘ஓடு’வைக் கண்டாலே பயப்படவும் வேண்டாம். அதுவும் லேசுப்பட்ட சொல் இல்லை. படம் நூறு நாள் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, மனசுக்குள் ஏதோ ஓடுகிறது, பதற்றத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ‘ஓட்டு’ என்றால் வண்டியை மட்டுமா ஓட்டுகிறோம்? பொழுதை ஓட்டுகிறோம், நண்பனை ஓட்டுகிறோம். கடை நடத்துகிறவர் வியாபாரம் படுத்துவிட்டால் ஈ ஓட்டுகிறார். இதில் எதையாவது ‘ரன்’ போட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். படமும் கடிகாரமும் தேறும், ஈ தேறாது.

இனி உங்கள் வரி. ‘பார்வையிட்டான்’ வேண்டாம். வெள்ளச் சேதத்தை அமைச்சர் பார்வையிடுவார்; கைக்கு வந்த கடிதத்தை யாரும் பார்வையிடுவதில்லை. நீங்கள் ஆங்கில வாடை என்று ஒதுக்கியது நம்முடையதுதான். கண்ணை ஓடவிடுவது தமிழுக்குப் பழைய பழக்கம். திருக்குறளில் 58-ஆம் அதிகாரத்தின் பெயரே ‘கண்ணோட்டம்’. அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள், இன்று கருத்துநிலை என்கிறோம். ‘கடிதத்தின் மேல் கண்ணை ஓட்டினான்’ என்றே எழுதுங்கள். மீதிப் பத்து இடத்தையும் அனுப்புங்கள், பார்க்கலாம்.