பரணில் இருந்தவர்கள்

வணக்கம் சார்,

நான் லைட்மேன். 1974-ல் பத்தொன்பது வயதில் வடபழனியில் ஒரு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தேன். முப்பத்தெட்டு வருஷம் வேலை. அதில் இருபது வருஷம் சங்க வேலையும் கூடவே. பேட்டா (தினப்படி) பாக்கிக்காக ஒரு தயாரிப்பாளர் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். அதற்கப்புறம் ஒன்பது மாதம் எந்தக் கம்பெனியும் என்னைக் கூப்பிடவில்லை. 1997-ல் எங்கள் தொழிலாளர் சம்மேளனமான பெப்சிக்கும் இயக்குநர்கள் முதலான படைப்பாளிகளுக்கும் தகராறு வந்து படப்பிடிப்பு நின்றபோது மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. மீட்க முடியவில்லை.

பேரன் கல்லூரியில் சினிமா படிக்கிறான். "தாத்தா, நீங்க வேலை செஞ்ச படத்துல உங்க பேரு எங்கே?" என்று கேட்டான். காட்ட ஒன்றும் இல்லை. யூடியூப்காரர்கள் வந்தார்கள். எந்த நடிகர் எப்படிக் கோபப்படுவார் என்று கேட்டார்கள். சங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கேமராவை நிறுத்திவிட்டார்கள். 'வேலையை மட்டும் பார்த்திருந்தால் ஒரு மனையாவது வாங்கியிருக்கலாம்' என்கிறான் மகன். சில ராத்திரி எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பெயர் போட வேண்டாம் சார். சாலிகிராமத்தில் இருக்கிறேன்.

*

அன்புள்ள அண்ணன்,

உங்கள் மகனோடு வாதாட என்னால் முடியாது. அந்தச் சங்கிலி போனது போனதுதான். அதன் கணக்கைப் போடும் உரிமை உங்கள் வீட்டாருக்கு மட்டுமே உண்டு. வெளியே இருக்கும் நான் அதைத் தியாகம் என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. ஆனால் பேரன் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கிறது.

இருபத்தைந்து வயதில் நான் இரண்டு படங்களுக்கு உதவி இயக்குநராக இருந்தேன். காலையில் நாங்கள் போய்ச் சேரும்போது உங்கள் ஆட்கள் கேபிள் இழுத்து முடித்திருப்பார்கள். பேக்கப் என்றதும் நாங்கள் வண்டியேறிவிடுவோம். அவர்கள் விளக்குகள் ஆறும்வரை காத்திருந்து, இறக்கி, கேபிளைச் சுருட்டி, கடைசியாகத்தான் கிளம்புவார்கள். ஒருநாள் ராத்திரி நேரம் கடந்ததும் மேனேஜர் மறுபேச்சில்லாமல் எல்லோருக்கும் ஒன்றரை கால்ஷீட், அதாவது ஒன்றரை நாள் சம்பளம், எழுதினார். எனக்கு அது மழை பெய்வதைப் போல இயல்பாகத் தெரிந்தது. அதற்காக யாரோ எந்த வாசலிலோ உட்கார்ந்திருப்பார்கள், வேலை இழந்திருப்பார்கள் என்று அன்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு யாரும் சொன்னதும் இல்லை. உங்கள் பேரனுக்கும் யாரும் சொல்லவில்லை. நாளை அவன் வாங்கப்போகும் முதல் பேட்டாவில் உங்கள் ஒன்பது மாதம் இருக்கிறது அண்ணன்.

சென்னையில் சினிமாத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்த கதையைச் சொல்பவர்கள் இரண்டு பெயர்களை மறக்காமல் சொல்வார்கள். ஒருவர் வங்கத்தில் பிரிவினையின் அகதிகளைப் பற்றிப் படமெடுத்துவிட்டு இங்கே வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ். இன்னொருவர் இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கண்ட எம்.பி. சீனிவாசன். இருவர் மீதும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஒருவரின் கேமராவும் மற்றவரின் இசையும் அவர்கள் பெயரைக் காப்பாற்றிவிட்டன. ஆனால் மாதாமாதம் சந்தா வசூலித்தவர், கூட்டத்துக்கு ஆள் திரட்டியவர், ரசீதுப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவர் ஆகியோர் பெயர்கள் எங்கே இருக்கின்றன? உங்களைப் போன்றவர்களின் ஞாபகத்தில் மட்டும்தான்.

அதனால் எழுதுங்கள். நடிகர்களின் கோபத்தை விட்டுவிடுங்கள், அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆர்க் விளக்கைப் பற்றி எழுதுங்கள். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் அந்த வெளிச்சம் ஷாட்டின் நடுவில் துடிக்காமல் இருக்க, எரிந்து குறையும் குச்சியை நகர்த்தி இடைவெளியைச் சரியாக வைக்க வேண்டும் என்று படித்திருக்கிறேன். அந்தக் கணம் வந்துவிட்டதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? சத்தத்திலா, நிறத்திலா? செட்டுக்கு மேலே பரணில், கூரைச் சூடும் விளக்குச் சூடும் புகையும் சேர்ந்த இடத்தில், தண்ணீர் யார் கொண்டுவந்தார்கள்? நடிகை கீழே மழையில் நனைந்து நடிக்கும்போது மேலே நீங்கள் எத்தனை பேர் வியர்வையில் நனைந்தீர்கள்? ராத்திரி கண் எரிந்தால் என்ன வைத்தியம் செய்தீர்கள்? படித்த எனக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் சினிமாத் தொழிலாளியை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று 1981-ல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. அப்படி எத்தனை ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்? ஒன்றுகூட இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்ததை நாடு முழுவதும் அறிந்தது. உங்கள் நாளில் பரணிலிருந்து விழுந்தவர்களை, ஷாக் அடித்துப் போனவர்களை யார் அறிவார்கள்? அவர்கள் குடும்பத்துக்கு எவ்வளவு வசூலித்துக் கொடுத்தீர்கள், யார் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்?

ஒரு வேண்டுகோள், கொஞ்சம் கசப்பானது. சங்கத்தின் தவறுகளையும் விட்டுவிடாதீர்கள். மும்பையில் பெண்களுக்கு ஒப்பனைக் கலைஞராக உறுப்பினர் அட்டை தரச் சங்கம் மறுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014-ல்தான் அந்தக் கதவு திறந்தது. உரிமைக்காகப் போராடும் அமைப்பே இன்னொருவருக்குக் கதவைச் சாத்தியது. அட்டை வாங்கப் பணமில்லாமல் திரும்பிப் போன பையன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போது நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பதை மறைக்காமல் எழுதினால், மற்ற பக்கங்களையும் உங்கள் மகன் நம்பிப் படிப்பார்.

கை நடுங்குகிறது, எழுத வராது என்று சொல்லாதீர்கள். மின்னஞ்சலில் என் எண்ணை அனுப்பியிருக்கிறேன். வரும் ஞாயிறு காலை சாலிகிராமத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லுங்கள், பேரன் தட்டச்சு செய்யட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன். பழைய சந்தா ரசீதுகள் ஏதாவது இருந்தால் எடுத்து வையுங்கள். அண்ணியும் கூட இருந்தால் நல்லது. அந்த ஒன்பது மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.