சாண்ட்டனில் கார் இல்லாமல் நான்கு நாள்

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டன் பகுதியில் கார் இல்லாமல் சுற்ற முடியுமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் சுற்றலாம். வேலையில் சேரும் முன் கிடைத்த நான்கு நாளுக்கு வாடகைக் கார் வேண்டாம். நெடுந்தூரத்துக்கு கௌட்ரெயின் என்ற விரைவு ரயில், இறங்கிய பிறகு போனில் அழைக்கும் ஊபர் அல்லது போல்ட் வண்டி. ஜோகன்னஸ்பர்க்குக்கு அது போதும்.

போன் வரைபடத்தில் பஸ் வழியே காட்டவில்லை என்றீர்கள். இங்கே பெரும்பாலோர் போவது மினிபஸ் டாக்சியில். அதற்குப் பலகையும் கிடையாது, நேர அட்டவணையும் கிடையாது. கை சைகை காட்டித்தான் நிறுத்த வேண்டும்: ஆள்காட்டி விரலை மேலே நீட்டினால் ‘டவுனுக்கு’, அதாவது நகர மையத்துக்கு என்று அர்த்தம். ஊர் பழகும்வரை அதை விட்டுவிடுங்கள்.

முதல் நாள் கௌட்ரெயினில் சாண்ட்டனிலிருந்து அடுத்த ஸ்டேஷனான ரோஸ்பேங்க் வரை மட்டும் போய்த் திரும்பிப் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஸ்டேஷன் வாசலில் கட்டணக் கார்டைத் தொட வேண்டும். ரயிலுக்குள் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. அப்புறம் பயம் தெளிந்துவிடும்.

இரண்டாம் நாளை கான்ஸ்டிடியூஷன் ஹில்லுக்கே கொடுங்கள். 1908-இல் காந்தி அடைபட்ட பழைய சிறை அது. இடித்த சிறைக் கட்டடத்தின் செங்கல்லை வைத்தே பக்கத்தில் அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் கட்டியிருக்கிறார்கள். சுவர் அருகே நின்று அந்தச் செங்கல்லைப் பாருங்கள், எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. அருகிலேயே பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டம். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சேர்ந்து சிறை சென்று, அங்கே நோயுற்று, விடுதலையான சிறிது காலத்தில் 1914-இல் பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அங்கேதான் இருக்கிறார். தமிழர் நாம் பார்க்காமல் போகக் கூடாது.

ஒன்று மட்டும்: இருட்டியபின் நடக்காதீர்கள். தெருவோரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குக் காத்திருக்காதீர்கள், கட்டடத்துக்குள் நின்றே அழையுங்கள்.